காப்புக் கட்டிய கையோடு

ஐயா,

சாமான் வைக்கும் உள்ளறையான அரங்கு வீட்டு மூலையில் ஒரு புதுச் சட்டி இருக்கிறது. பக்கத்தில் வேப்பிலைக் கட்டும், மஞ்சளில் நனைத்துக் கொடியில் போட்ட சேலையும். அந்த ஈர மஞ்சள் மணம் ஏற ஏற எனக்கு உங்கள் நினைப்புதான் வருகிறது. விடிந்தால் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். சட்டியில் நெருப்பு வளர்த்து, அதைக் கையில் ஏந்திக்கொண்டு நான் தெருவெல்லாம் நடந்து கோயிலுக்குப் போக வேண்டும். அம்மா பிழைப்பதற்காக அப்பா நேர்ந்துகொண்டது.

அப்பா தூங்கிவிட்டார். சிம்னி விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். முடித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுவேன். இறந்துபோன பாதிரியாருக்கு மகள் மடல் எழுதுகிறாள் என்று தெரிந்தால் அப்பா என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வாரத்தில் ஒருநாள் நீங்கள் எங்கள் மிஷன் பள்ளிக்கு ஜெபம் நடத்தச் சைக்கிளில் வருவீர்கள். பக்கத்து மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை பிரித்தால் போதும், கண்ணை மூடியிருக்கும் எங்கள் எல்லோருக்கும் தும்மல் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கும்தான். "மொதல்ல ஆமென் சொல்லுங்க, மூக்க அப்புறம் சிந்தலாம்" என்பீர்கள். பரலோகத்தைப் பற்றி நீங்கள் அதிகம் பேசியதில்லை. குழாயடியில் கைப்பிள்ளைக்காரிக்கு முறையை விட்டுக்கொடுப்பது, குழம்பில் உப்புக் கூடிய நாளில் முகம் சுளிக்காமல் சாப்பிடுவது, இதையெல்லாம் பேசுவீர்கள். "ஞாயித்துக்கெழம மட்டும் இருக்கிற சாமி நமக்கு எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டீர்கள். அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

சைக்கிளை எடுக்கப் போன உங்களிடம் ஓடிவந்தேன். "ஐயா, எங்க வீட்டுல வேற சாமி கும்பிடுறோம். நான் எங்கன வச்சு ஜெபம் பண்ண?"

"ஒங்க வீட்டுல ஆட்டுரலு இருக்கா?"

"இருக்கு ஐயா."

"மாவாட்டும்போது பண்ணு. ஒதடு அசைஞ்சா பாட்டுப் படிக்கிறன்னு நெனச்சுக்குவாக. ஆனா மாவு நைசா இருக்கணும், பாத்துக்க. திப்பியா ஆட்டி வச்சா ஒங்கம்மா கர்த்தரையும் வைவாக, என்னையும் வைவாக."

அந்த வாரமே அம்மா சொன்னாள்: "என்னட்டி, இப்பல்லாம் மாவு வெண்ணெயாட்டம் இருக்கு?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கொட்டகை தீப்பிடித்தது. அந்தப் பக்கம் யாரோ நோயாளியைப் பார்க்கப் போயிருந்த நீங்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினீர்களாம். இரண்டு பெண்களை வெளியே கொண்டுவந்தீர்களாம். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பள்ளிக்கூடமே ஜெபத்துக்கு முழங்கால் போட்டது. நான் தரையில் நெற்றி பட விழுந்து கேட்டேன். நீங்கள் இறந்துபோனீர்கள்.

"ஏட்டி, நம்ம கேட்டது கர்த்தருக்குக் கேக்கலையா?" என்று பக்கத்துப் பெஞ்சு எஸ்தரிடம் கேட்டேன். அவள் தாவணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "கேக்காம என்னட்டி? கேட்டுச்சு. மாட்டேன்னுட்டாரு" என்றாள்.

அதன்பிறகுதான் அம்மா இருமலோடு ரத்தம் துப்ப ஆரம்பித்தாள். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தும் தேறவில்லை. நான் ஆட்டுரலடியில் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா இளைத்துக்கொண்டே போனாள். இப்போது மாவாட்ட உட்கார்ந்தால் எனக்கு வாய் திறக்கப் பயம். நான் கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று.

எனக்குக் காப்புக் கட்டியபோது அப்பாவால் முடிச்சுப் போட முடியவில்லை, இரண்டு தடவை அவிழ்ந்துபோனது. "நீ சட்டி எடுத்தா ஆத்தா எரங்குவா. அப்பாவுக்கு வேற வழி தெரியலத்தா. மாட்டேன்னு சொல்லிராத." கிட்டங்கியில் இருநூறு பேரை அதட்டி வேலை வாங்கும் மனிதர். நான் சரி என்றேன். நீங்கள் சொன்னதை விட்டுவிட்டேனா? அப்பாவை விட்டுவிடாமல் இருந்தேனா? உப்புக்குச் சொன்னீர்கள், குழாயடிக்குச் சொன்னீர்கள், மாவுக்குச் சொன்னீர்கள். இதற்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள், ஐயா.

சாயங்காலம் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் காப்பைத் தடவிப் பார்த்தாள். குரலே எழும்பாமல் கேட்டாள்: "ஏட்டி, நாளைக்கு எந்தச் சாமிய நெனச்சுட்டு நடக்கப் போற?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எவ்வளவு நாளாக அவளுக்குத் தெரியும்?

"அப்பாட்ட சொல்லலட்டி. பயப்படாத. எந்தச் சாமியன்னாலும் நெனச்சுக்க. சட்டியக் கீழ மட்டும் போட்டுராத. அது ஒடைஞ்சா ஒங்கப்பா தாங்க மாட்டாக."

தான் பிழைப்பதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது ஜெபம் பண்ணிப் பார்த்தேன், ஐயா. வரவில்லை. கர்த்தரே என்று தொடங்கினால் அடுத்த சொல் இல்லை. ஆத்தா என்றும் வாய் வரவில்லை. கீழே போட்டுவிடக் கூடாது, கீழே போட்டுவிடக் கூடாது என்பது மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. என்னிடம் மிச்சம் இருப்பது அவ்வளவுதான். இதை ஜெபம் என்று கர்த்தர் எடுத்துக்கொள்வாரா என்று கேட்க நீங்கள் இல்லை.