பல்லில் வைக்காத சிப்பி

ஜூன் 3, செவ்வாய்

கடை திறக்கும்போதே கரண்ட் இல்லை. இரண்டு கொலுசுக்குத் திருகு மாற்றினேன், ஒரு பவள மாலை கோர்த்தேன். சாயங்காலம் வரை அவ்வளவுதான்.

அப்புறம் அச்சங்குளத்திலிருந்து வள்ளித்தாய் என்று ஒருத்தி வந்தாள். பட்டாசு கம்பெனியில் வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள், நகக்கண்ணெல்லாம் வெள்ளி நிறம். எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னாள். கறுப்புக் கயிற்றில் கிடந்த டாலரைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தாள். ஒரு பூவுக்குள் இரண்டு மீன், இடையிடையே ஓட்டை விட்டுச் செதுக்கியது.

"முத்துச்சிப்பிதானான்னு பாத்துச் சொல்லுங்கக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு கையாலயே செதுக்கிக் குடுத்தது. பதினெட்டு வருசமாக் கழத்தல. கூட வேல பாக்குறவளுக பிளாஸ்டிக்குன்னு சிரிக்காளுக."

என் சேனலில் போட வீடியோ எடுக்கவா என்று கேட்டேன். எடுங்கக்கா, அவளுக பாக்கட்டும் என்று ஆசையாகச் சொன்னாள்.

ஈரப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு வெள்ளியாக வந்தது, பெயின்ட். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரம் போட்ட மாதிரி கோடுகள், எல்லாம் தப்புப் பக்கம் சாய்ந்திருந்தன. அச்சில் வார்த்த சரக்கு என்று போனைப் பார்த்துச் சொன்னேன். என் கண்ணுக்குத் தப்பாது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் கயிற்றைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு போனாள். கழுத்தில் போடவில்லை.

ஜூன் 5, வியாழன்

வீடியோ நன்றாக ஓடுகிறது. பிரிண்டிங் பிரஸ்ஸிலிருந்து சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் பாண்டிச்செல்வம் பார்த்துவிட்டு, "இதுல பல்லுல வைக்கவே இல்லயே? அசலா போலியான்னு நீ பல்லுல ஒரசிக் காட்டுறதத்தான இம்புட்டுப் பேரு பாக்காக" என்றார்.

பெயின்ட் வந்த பிறகு பல் எதற்கு என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரசம் கேட்டார்.

ஜூன் 9, திங்கள்

வள்ளித்தாயின் புருஷன் சீனிச்சாமி வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, படிக்கு வெளியே நின்றுதான் பேசினார். இடது கையில் இரண்டு விரல்தான். மற்றது கம்பெனி விபத்தில் போனதாம்.

"நாஞ் செதுக்குனதும்மா அது. கீழக்கரையில சங்கு அறுக்குற பட்டறையில ரெண்டு வருசம் கெடந்தேன். பெரிய சிப்பி ஒடஞ்சு விழுந்த துண்டு, மொதலாளி தூக்கிப் போட்டத எடுத்தேன். இன்னொன்னு செஞ்சு காட்டலாம்னா கை இல்ல." டாலரை அந்த இரண்டு விரலால் எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "ஒங்க வீடியோ எல்லாம் பாப்போம். பல்லுல வச்சுப் பாத்தீகளாம்மா?"

பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"பாத்தீகன்னா சரி. ஒங்களுக்குத் தெரியாததா" என்று டாலரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

பார்க்கவில்லை. வீடியோவை நிறுத்திய பிறகும் பல்லில் வைக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

அந்த வீடியோவை எட்டுத் தடவை போட்டுப் பார்த்தேன்.

கோடுகள் தப்புப் பக்கம் சாய்ந்திருக்கின்றன. வலது கை முழுசாக இருக்கிற மனுஷன் டாலரை ஏன் அந்தப் பாழான இடது கையால் எடுத்தார்? இடக்கைக்காரர். இடக்கைக்காரர் அரம் போட்டால் கோடு அப்படித்தான் சாயும். ஓட்டைகளும் ஒன்று போல இன்னொன்று இல்லை. அச்சில் வார்த்தால் அப்படி இருக்குமா?

பஞ்சில் வந்தது பெயின்ட் இல்லை, அலுமினியப் பவுடர். அவள் நகக்கண்ணில் இருந்ததும் அதுதான். பதினெட்டு வருஷமாகச் செதுக்கலின் சந்து பொந்தெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பட்டாசு ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா?

பல்லில் ஒரு உரசு உரசியிருந்தால் போதும். சிப்பி என்றால் சில்லென்று இருக்கும், நறநறக்கும். பிளாஸ்டிக் வழுக்கும். வீடியோவுக்கு வீடியோ இதைத்தானே சொல்கிறேன்.

பட்டாசு மருந்துப் பவுடர் விஷம், அதனால்தான் வைக்கவில்லை என்று காலையிலிருந்து எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஒட்ட மாட்டேன் என்கிறது. எங்க தெரு சண்முகத்தாய் அத்தையோட முத்து மாலையில வெத்தலைச் சாறு காஞ்சு கெடந்துச்சு, அத அப்படியே வாயில வச்சேன், கழுவக்கூட இல்ல. பொறவு எதுக்கு வள்ளித்தாய்கிட்ட தெருவக் கேட்டே? நகை பாக்கதுக்குத் தெரு எதுக்கு? வாயில வைக்கவா வேண்டாமான்னு பாக்கத்தான கேட்டே. சொல்லு.

ஜூன் 13, வெள்ளி

வீடியோவை அழித்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. திருட்டுத்தனம் பண்ணிய மாதிரிதான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சாத்தூர் போய் பஸ் மாறி அச்சங்குளம் போனேன். கேட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் வாசல்களில் இருந்தவர்களின் பேச்சு நின்றது.

வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். சீனிச்சாமி வெளியே சிமெண்டுக் கல்லில் உட்கார்ந்திருந்தார். வள்ளித்தாய் உள்ளே. அவள் கழுத்தில் தாலிக் கயிறு மட்டும்தான். பன்னிரண்டு நாளாக அவரோடு பேசவில்லை என்று அவளே சொன்னாள். "குடிக்கலன்னு பொய் சொன்னதில்ல, வேலைக்குப் போனேன்னு பொய் சொன்னதில்ல. இதப் போயி பொய் சொல்லிருக்காரேன்னுதான்."

கடையில் கலர் சோடா வாங்கி வரச் சொல்லவா என்று கேட்டாள். சரி என்றேன். பாட்டிலை வாங்கிக் குடித்தேன்.

தப்பாகச் சொல்லிவிட்டேன், டாலரைக் கொடுங்க, உங்க முன்னாலேயே பல்லில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். உள்ளே போனவள் வரக் கொஞ்ச நேரம் ஆனது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. டாலரை ஒரு புதுத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். இப்ப வைங்க."

டாலரைக் கையில் வாங்கினேன்.

"அன்னைக்கே கழுவிக் கொண்டாந்திருக்கணும்" என்றாள். "நீங்க தெருவக் கேட்டீகள்ல, அப்பவே தெரியும் வாயில வைக்க மாட்டீகன்னு. வைக்காமயே கண்டுபிடிச்சிருவீகன்னு நெனச்சேன்."

வைத்தேன். சில்லென்று இருந்தது. நறநறவென்று சிப்பி, சோப்புக் கசப்போடு. அசல் என்றேன். பட்டறையில் உட்கார்ந்து அரத்தால் ராவிய கோடு அது. நீங்க இடக்கையா என்று சீனிச்சாமியைக் கேட்டேன்.

"கை இருந்தப்ப" என்றார்.

பார்த்ததாக அன்று சொன்னது பொய் என்று அவரிடம் சொன்னேன். தெரியும்மா என்றார், அவ்வளவுதான். வள்ளித்தாய்தான் விடவில்லை. "இங்கன சொல்லி என்ன செய்ய? எங்கன சொன்னீகளோ அங்கன சொல்லுங்க." டாலரைக் கழுத்தில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பாமலே, "கஞ்சி இருக்கு, குடிங்க" என்றாள். அவர் வேகமாக எழுந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. எனக்குத் தாகம், அவர்கள் வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. கலர் வேண்டாம், தண்ணீர் கொடுங்க என்று என் வாயில் வரவே இல்லை. அதுவும் மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில்.

ஜூன் 17, செவ்வாய்

புது வீடியோ போட்டாயிற்று. வள்ளித்தாய் வேலை முடிந்து கடைக்கு வந்தாள், படி ஏறி உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பவுடரோடு இருந்த டாலரை அப்படியே கழற்றிக் கொடுத்தாள். கழுவவில்லை. துணியால் பவுடரைத் துடைத்துவிட்டுப் பல்லில் வைத்துக் காட்டினேன். கோடு ஏன் அப்படிச் சாய்ந்திருக்கிறது, செதுக்கியவர் யார் என்று சொன்னேன். அன்றைக்கு ஏன் வாயில் வைக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"தெருவக் கேட்டதெல்லாம் சொல்லணுமா?" என்றார் பாண்டிச்செல்வம். அதுதானே விஷயம் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

சண்முகத்தாய் அத்தை முத்து மாலைக்கு நூல் மாற்ற வந்தார். மகன் புதிதாக இரண்டு முத்து வாங்கி வந்திருக்கிறானாம், அசல்தானா என்றும் பார்க்க வேண்டுமாம். ஒன்றை எடுத்து வழக்கம்போல வாயருகே கொண்டுபோனேன். என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இரு யோகலட்சுமி. அந்த அச்சங்குளத்துக்காரி டாலரையும் இந்த வாயிலதான வச்சே?"

"ஆமா அத்தை."

முத்தை வாங்கினார். மாலையையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சிவகாசியில குடுத்துக்கிடுதேன்" என்றார், கோபமில்லாமல்தான். முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டே படி இறங்கினார்.

அத்தையை முப்பது வருஷமாகத் தெரியும். நல்ல மனுஷி. என்னையும் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். முத்தைத் திரும்ப வாங்கியபோது அவர் முகத்தில் இருந்ததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. வள்ளித்தாய் பார்த்திருக்கிறாள், என் முகத்தில்.