கலர் வேணாம்னு சொன்ன அண்ணனுக்கு

திருப்பதி,
ஞாயித்துக்கெழம

அன்புள்ள கிரண் அண்ணாவுக்கு,

உன் தங்கச்சி மோனிகா எழுதறேன். சாந்திபுரத்துல நைனாவும் அம்மாவும் நல்லா கீறாங்க. நானும் திருப்பதில நல்லாதான் கீறேன். உனக்கும் ஓமான் வெயில் ஒத்துகினு ஒடம்பு நல்லா இருக்கணும். லெட்டர்னா இப்படி ஆரம்பிக்கணும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க, அதான் போட்டேன். மொத லெட்டர் இது.

இது காயிதத்துல இல்ல. நீ வாங்கி அனுப்பச் சொன்ன, புஸ்தகம் படிக்கற ரீடர்லயே ஒரு ஃபைலா போட்டு கீறேன். தொறந்தா லிஸ்ட்ல உன் மானுவலுங்களுக்கு மேல நிக்கும். போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நீ எப்ப பேசனாலும் ஸ்பீக்கர்ல போட்டுகினு துணி தொவைக்கற. ரூம்காரனுங்க சிரிக்கறது எனக்கு இங்க கேக்குது. இதுல ஒரு விஷயம் கீது, அது அவனுங்களுக்கு வேணாம். தனியா ஒக்காந்து படி.

மொதல்ல ரீடர் கதைய சொல்லிடறேன்.

நீ கேட்டது எனக்கு மனப்பாடம். வெல கம்மியா இருக்கணும். கேமரா, சிம் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தா நீ வேல செய்யற ஆலை கேட்லயே புடுங்கி வெச்சிக்குவாங்க. பம்பு மானுவல், கரண்டு பேனல் படம் எல்லாம் தெரியணும். அப்பறம் கடைசில, கலர் வேணாம், கருப்பு வெள்ளையே போதும்னு.

நான் வேல செய்யற கடைக்கு பழைய போனு, பழைய லேப்டாப்போட எப்பனா ரீடரும் வரும். மொதல்ல ஆறு இஞ்சு ஒண்ணு வந்துச்சு, சல்லிசா. கதை படிக்கறவங்களுக்கு அது சரி. உன் மானுவல ஏத்திப் பாத்தேன், பக்கம் பூரா கொசு மொய்ச்ச மாதிரி கீது. பெருசு பண்ணா ஒரு மூலைதான் தெரியுது. அத நவுத்தனா, நவுரலாமா வேணாமான்னு யோசிச்சிகினு நிக்குது. எழுத்த மட்டும் பிரிச்சி பெருசா அடுக்கிக் குடுக்கற வசதி ஒண்ணு அதுல கீது. அத அமுக்கனா டேபிள் எல்லாம் கலஞ்சி, இந்த வால்வு பிரஷர் அந்த வால்வுக்குப் போயி ஒக்காந்துக்குது. அத நம்பி நீ எதனா திருப்பி வெச்சா ஓமான்ல வெள்ளம் வந்துடும். வேணாம்னு வெச்சிட்டேன்.

எங்க ஓனர் ஜெபகுமார் அண்ணன், ஒரு டேப்லட் எடுத்துப் போம்மா, கலரு, வேகம், வெலையும் கம்மி, கேமரா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்னாரு. கேட்ல நிக்கற செக்யூரிட்டி உங்க மாமனா அண்ணான்னு கேட்டேன். அப்பறம் ரெண்டு நாளு எனக்கு டீ சொல்லல.

கலர் காட்டற ரீடர் ஒண்ணும் வந்துச்சு. கலரு கொஞ்சம் வெளுத்துதான் இருக்கும், ஆனா படத்துக்கு நல்லதுன்னு உனக்கு போன் பண்ணேன். கலர் வேணாண்டி, கண்ணு வலிக்கும்னு சொன்ன. வெல அவ்ளோ இல்லன்னேன். வேணாம்னா வுடேன்டின்னு கத்தி போன வெச்சிட்ட. ஓமான் போன இந்த ஆறு மாசத்துல நீ என்ன கத்தனது அதான் மொதவாட்டி. எனக்குப் புரியல, சரி பூடுன்னு வுட்டேன்.

அப்பால வேதாந்தம் சார் வந்தாரு. மாட வீதிக்காரரு, கோயில் கைங்கரியக் குடும்பம். பையன் அச்சுத் அமெரிக்காலேருந்து பத்து இஞ்சு ரீடர் அனுப்பி கீறாரு, எழுதற பேனாவோட. பாசுர வியாக்கியானத்த பெரிய எழுத்துல அப்பா படிக்கட்டும்னு. சாருக்கு அது புடிக்கல. ஒவ்வொரு பக்கம் திருப்பறச்சேயும் கறுப்பா ஒரு வாட்டி மின்னறது, அபசகுனமா இருக்குன்னாரு. மாமி மைத்ரேயியும் கூடவே வந்திருந்தாங்க. பூஜை அலமாரில கெடக்கு, வாராவாரம் தொடச்சு எனக்குக் கை போறது, குடுத்துட்டு ஆத்துக்கு வாங்கோன்னாங்க.

யாருக்குன்னு சாரு கேட்டாரு. கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்கற ஆலைல எங்க அண்ணன் வேல செய்றான், மானுவல் படிக்கறதுக்குன்னு சொன்னேன். ஜலம் குடுக்கறவனா, பேஷ், அதுவும் கைங்கரியம்தானேன்னாரு. அப்படிச் சொல்லிட்டு வெலைல கொஞ்சம்கூட எறங்கல. மாமி மொறச்சாங்க, அப்பதான் எறங்கனாரு. உன் கணக்குக்குள்ள முடிஞ்சிச்சி. கேமரா இல்ல, மைக்கும் இல்ல, பாத்துட்டேன். வெயில்லயும் எழுத்து நல்லா தெரியுது. ஓரத்துல ஒரு கீறல் கீது, படிக்கறதுக்குத் தொந்தர இல்ல.

உன் பெரிய மானுவல அப்படியே போட்டா அது தெணறி நின்னுடுது. அதனால பம்பு, வால்வு, பேனல்னு தனித்தனியா வெட்டி, ஓரத்துல கீற வெத்து எடத்த எல்லாம் நறுக்கிப் போட்டேன். கடைல கூட்டம் இல்லாதப்ப பண்ணதுதான்.

அப்படி வெட்டிகினு இருக்கும்போது அந்தப் பக்கம் வந்துச்சு. பேனலோட ஒயரிங் படம். லேப்டாப்ல பாத்தா செவப்பு, பச்ச, பிரௌன்னு கோடுங்க பிரிஞ்சி ஓடுது. ரீடர்ல பாத்தா எல்லாம் ஒரே சாம்பல். எது எங்க போவுதுன்னு ஒண்ணும் தெரியல. இத வெச்சிகினு இவன் எப்படி வேல செய்வான், கலர வாங்கித் தொலைக்காம எதுக்கு இந்த அடம்னு உன்ன திட்டிகினே டீ குடிச்சேன். பாதி டீல எனக்கு வேற மாதிரி தோணிச்சி.

காயிதத்துலயும் உனக்கு இப்படித்தான் தெரியுதுன்னா?

தோணனதுக்கு அப்பறம் எல்லாம் வரிசையா வந்துச்சு. நம்ம தோட்டத்துல பழுத்த தக்காளிய மட்டும் பறின்னு நைனா விடுவாரு. செங்கம்மா அத்த கூடைய ரொப்பி வரப்புல எறக்கி வெச்சிட்டு வெத்தல போட்டுகினு இருக்கும். நீ இன்னும் ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துகினு நிப்ப. அமுங்கனா பறிப்ப, அமுங்கலன்னா வுட்டுடுவ. இன்னா மாப்புள, தக்காளிக்குக் கை கால் புடிச்சி வுடறியான்னு அத்த கேக்கும். வண்டி வந்துடுச்சின்னு அவசரப்படுத்தனா உன் கூடைல பச்சக்காயா வரும். வி.கோட்டா மண்டில பொட்டிய கவுத்துப் பாத்து வெலைய கொறைப்பாங்க. நைனா அங்கயே, அத்தினி பேரு எதிர்லயே உன்ன அடிப்பாரு. சோம்பேறின்னு பேரு வெச்சாங்க. நீ எதுவும் சொன்னதே இல்ல.

போன் சார்ஜ் ஏறிச்சா பாருடின்னு என்ன கூப்புடுவ. லைட்டு உன் மூஞ்சி எதிர்லதான் எரியும். செவப்பா பச்சையான்னு நான் வந்து சொல்லணும். இங்க திருப்பதில லீலா மஹால் சிக்னல்ல பக்கத்து வண்டி நவுந்தாதான் நீ நவுருவ.

ஓமானுக்குப் போற மெடிக்கல்ல, கலர் பிரிச்சித் தெரியுதான்னு புள்ளி புள்ளியா நம்பர் காட்டி கேப்பாங்களாமே. அத எப்படித் தாண்டனன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத.

நைனாகிட்ட சொல்லல. சொன்னா ஒண்ணு நம்ப மாட்டாரு, இல்லன்னா நம்பிட்டு தூக்கம் இல்லாம ஒக்காந்திருப்பாரு. ரெண்டும் உனக்கு ஒதவாது. அம்மாகிட்டயும் சொல்லல.

நான் யோசிக்கறது வேற. அடுத்த மாசத்துலேருந்து தனியா பேனல் தொறக்க வுடுவாங்கன்னு சந்தோசமா சொன்ன. இதுவரிக்கும் பக்கத்துல நிக்கறவன் கைய பாத்து வேல செஞ்சிருப்ப, சிக்னல்ல பக்கத்து வண்டிய பாக்கற மாதிரி. தனியா கீறப்ப யார பாப்ப? அது கரண்டு. மண்டிக்காரன் மாதிரி வெலைய கொறச்சிட்டு வுடாது.

அதனால அந்தப் படத்த இன்னும் பெருசு பண்ணி ஒக்காந்தேன். ஒவ்வொரு கோட்டு மேலயும் பொடிசா ஒரு நம்பர் கீது. டிப்ளமோல நான் இருந்த வரிக்கும் காதுல வுழுந்து ஒட்டிகினது கொஞ்சந்தான், அதுல ஒண்ணு இது. பேனலுக்குள்ள ஒயர் முனைல சின்னதா பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருப்பாங்க, படத்துல கீற அதே நம்பர் அதுல இருக்கும். கலர் தெரியறவன் அத சீண்ட மாட்டான். நீ அத மட்டும் பாரு. அந்த நம்பரு ஆறு இஞ்சுல தெரியல. எட்டு இஞ்சு ஒண்ணுலயும் பாத்தேன், கண்ண சுருக்கித்தான் படிக்கணும். பத்து இஞ்ச குறுக்க திருப்பிப் புடிச்சா தெளிவா தெரியுது. பத்து இஞ்சு எதுக்கு இவ்ளோ பெருசுன்னு நீ கேப்ப, அதுக்குத்தான்.

பேனாவால ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்துலயும் கலர எழுதி கீறேன். செ-ன்னா செவப்பு, ப-ன்னா பச்ச, பி-ன்னா பிரௌன். பச்சையும் மஞ்சளும் சேந்து வர்றது எர்த்து, அத முழுசா எழுதி கீறேன். யார்னா இன்னா இதுன்னு கேட்டா, படிப்ப பாதில வுட்ட தங்கச்சி ஒண்ணு கீது, அது கிறுக்கனதுன்னு சொல்லு. நம்பிடுவாங்க. நம்ம ஊர்ல யாரு நம்பல? சில எடத்துல நம்பர் மங்கிப் போயி கீது. அங்க கேள்விக்குறி போட்டு கீறேன். அந்த எடத்துல என்ன நம்பாத.

சார்ஜுக்கு லைட்டு பாக்க வேணாம். மேல பர்சன்ட் நம்பர் காட்டுது. கீறல் பக்கத்துல அழுக்கு மாதிரி ஒண்ணு தெரியும். அது அழுக்கு இல்ல, சாரு நெத்தில இட்டுக்கற ஸ்ரீசூர்ணம். செவப்பு. தொடச்சேன், போவல.

இன்னொரு வழியும் கீது. உங்க ஃபோர்மேன்கிட்ட நீயே சொல்றது. என்ன கேட்டா அதான் சரி. உன்ன பேனல்லேருந்து எடுத்துட்டு பம்பு பக்கம் போடலாம். ஊருக்கும் அனுப்பலாம். அனுப்பனா வா. நானும் படிப்ப பாதில வுட்டுட்டு வந்தவதான். கொஞ்ச நாளு பேசனாங்க, அப்பறம் அவங்களுக்கு வேற வேல வந்துடுச்சி. நான் பாட்டுக்கு சோறு துன்னுகினு கீறேன். நீ ஒடனே சொல்ல மாட்டன்னும் தெரியும், அதான் படத்துல அவ்ளோ எழுதனேன். ஆனா தனியா தொறக்கச் சொல்ற நாளுக்கு முன்னாடி முடிவு பண்ணு. தொறந்து வெச்சிகினு யோசிக்காத.

ஊர் சேதி. நைனா இந்த வருஷம் தக்காளி போடல, பட்டுப் பூச்சிக்கு மல்பெரி போட்டு கீறாரு. எல்லாம் எலதான், பழுத்தது பழுக்காததுன்னு யாரும் யாரையும் அடிக்க வேலயில்ல. அம்மா உனக்குப் பொண்ணு பாக்கறேன்னு குப்பம் வரிக்கும் போயிட்டு வந்துச்சு. நான் சிரிச்சேன், வெளக்கமாறு வந்துச்சு. ரீடர பிச்சாட்டூர் பிரவீன்கிட்ட குடுத்து அனுப்பறேன், அவன் லீவு முடிஞ்சி மஸ்கட் போறான். பேக்குல மேல வெய்யி, மாம்பழத்துக்கு அடில போட்டு நசுக்காதன்னு சொல்லி கீறேன்.

அவ்ளோதான் அண்ணா. தக்காளிய அமுக்கிப் பாத்து தெரிஞ்சிகினு பொழச்சிட்ட. ஒயர அமுக்கிப் பாக்க முடியாது. நம்பர் இல்லாத ஒயர்ல கை வெக்காத. கைய எடுத்துட்டு தள்ளி நில்லு, யாரையாவது கூப்புடு. லேட்டுன்னு திட்டுவாங்க, சோம்பேறின்னுவாங்க. அது உனக்குப் பழக்கந்தான். மலை மேல கீற வெங்கடேசன் உன் கூட இருக்கட்டும். நீ மெதுவாவே இரு.

படிச்சதும் இந்த ஃபைல அழிச்சிடு. படத்த அழிக்காத.

இப்படிக்கு,
உன் தங்கச்சி
மோனிகா