கையால் எழுதிய வழி

28 மே 2024, செவ்வாய்

மழை. சரவணம்பட்டி சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றேன். ஆபீசில் நுழைந்ததும் மேனேஜர் சாமுவேல் கூப்பிட்டுச் சொன்னார்: ஜூலையில் டீம் லீட் போடப்போகிறார்களாம், நானா ஜெபராணியா என்றுதான் பேச்சாம். பதினோரு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை எங்களுக்கு. சாப்பிடும்போது அவளே சிரித்துக்கொண்டு, "நீங்களே ஆயிக்குங்ணா, எனக்கு மீட்டிங்னாலே தலைவலி" என்றாள். சும்மா சொல்கிறாள். அவளுக்கு ஆசை இருக்கிறது. எனக்கு அதைவிட அதிகம். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு ஆசை, வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

2 ஜூன், ஞாயிறு

வீட்டுக்காரிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. நாள் முழுக்க ராமாமணி வாய் திறக்காததில் வீடே என்னவோபோல் இருந்தது.

9 ஜூன், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்வது?

தாராபுரம் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன் படமெல்லாம் எங்கள் கம்பெனி ரூட்டர்கள் வழியாகத்தான் கோவை டாக்டருக்கு வரும். இன்று காலை பத்தேகாலிலிருந்து ஒரு படமும் வரவில்லை.

ஜெபராணிக்கு இன்று ஒரே வேலை. ஃபைபர் வந்தபின் உபயோகத்தில் இல்லாத பழைய லைனைக் கழற்றுவது. பிளானில் உள்ளபடியே கழற்றினாள். கழற்றின நிமிடமே தாராபுரம் இணைப்பு போய்விட்டது. பதறிப்போய்ப் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினாளாம். அது பத்து வருடக் கிழடு, எழுந்திருக்கவில்லை. புது ஃபைபர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பாக்கெட், ஒரு துண்டு டேட்டாகூட அதில் ஏறவில்லை. அவள் நின்ற இடத்தில் லேப்டாப்புக்கு சிக்னலும் இல்லை, ரூட்டருக்குள் நுழைந்து பார்க்க வழியில்லை. பதினொன்றரைக்கு எனக்குப் போன். "ஏனுங்ணா, கொஞ்சம் உள்ள போயிப் பாருங்களே. எனக்கு ஒன்னுமே புரியமாட்டீங்குது."

வீட்டிலிருந்தே ரூட்டருக்குள் போனேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு வரி கண்ணில் பட்டது. என் வரி.

ஏப்ரலில் உக்கடத்தில் ரோடு தோண்டி ஃபைபரை வெட்டிப்போட்டார்களே, அன்றைக்கு அவசரத்துக்கு நான் கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரூட் — தாராபுரத்துக்கு எது வந்தாலும் பழைய லைனில் அனுப்பு என்று. ஃபைபர் சரியானதும் எடுத்திருக்க வேண்டும். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டேன், சுத்தமாக மறந்துபோனேன். ரூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு வழியைத் தாங்களே கண்டுபிடிக்கும். ஒன்று அடைபட்டால் இன்னொன்றில் திருப்பிவிடும். ஆனால் மனுஷன் கையால் எழுதிவைத்தால் அதுதான் செல்லும். அந்தப் பக்கம் வாங்க ஆளே இல்லாவிட்டாலும் அதிலேயே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படித்தான் கொட்டியிருக்கிறது.

வரியை அழித்தேன். படங்கள் வர ஆரம்பித்தன. நாங்கள் எல்லோரும் ஒரே லாகினில்தான் நுழைவோம், வசதி என்று பல வருடப் பழக்கம். யார் எழுதினது, யார் அழித்தது என்று ரூட்டருக்கே தெரியாது.

என்ன இருந்தது என்று கேட்டாள். ரூட்டிங்கில் ஏதோ சிக்கியிருந்தது, கிளியர் பண்ணிவிட்டேன் என்றேன். அது எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது?

10 ஜூன், திங்கள்

ஆஸ்பத்திரிக்காரர்கள் காட்டமாகக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சாமுவேல் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கழற்றுமுன் சரியாகப் பார்க்கவில்லை என்று ஜெபராணியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். அவள் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தண்ணி குடிச்சுட்டு இருந்தேன். ஏன்டா, வாய் இருந்துச்சுல்ல? என்ன கேடு உனக்கு?

13 ஜூன், வியாழன்

காப்பி மெஷின் பக்கத்தில் நிறுத்திக் கேட்டாள். "நீங்கதானுங்ணா உள்ள பாத்தீங்க. நான் கழட்டுனதுல என்ன தப்புங்க?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது.

20 ஜூன், வியாழன்

சாமுவேலுக்கு மெயில் எழுதினேன். நாலு வரி. அழித்தேன். மறுபடி எழுதினேன். ஜூலை முடியட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றினதை இங்கேயாவது மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

28 ஜூன், வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு யாரையாவது காட்டியாக வேண்டுமாம். ஜெபராணியே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதச் சொன்னார்கள் என்பதுதான் சரி. டம்ளர், சால்வை, வசனக் காலண்டர் எல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில் அடங்கிவிட்டன. கீழே வரைக்கும் நான் தூக்கிவரவா என்றேன். வேண்டாமுங்க, கனமில்லை என்றாள்.

நான் ஒரு கோழை. இதைச் சுற்றி வளைத்து எழுத ஒன்றுமில்லை.

1 ஜூலை, திங்கள்

டீம் லீட். ராமாமணி பாயசம் வைத்தாள்.

15 ஜூலை, திங்கள்

இன்று சொல்லிவிட்டேன். காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சாமுவேல் மேஜையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். கதவைச் சாத்தினார்.

"முடிஞ்சு போச்சு நரசிம்மலு. இப்பப் போயி மாத்திச் சொன்னா கம்பெனி பேரே கெட்டுரும். அந்தம்மாவுக்கு வேற வேலை கெடச்சிரும், விடுங்க."

காகிதத்தை மடித்துத் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். நானே ஆஸ்பத்திரிக்கு எழுதுவேன் என்று சொல்லியிருக்கலாம். சரிங்க என்று எழுந்து வந்தேன். வருகிற வழியில் மனசு லேசாக வேறு இருந்தது, சீ.

4 ஆகஸ்ட், ஞாயிறு

அவள் சர்ச் முடிந்து வரும் நேரம் பார்த்து, சுங்கம் பகுதியில் ஜெபராணி வீட்டுக்குப் போனேன். வாங்க என்றாள், உட்காரச் சொன்னாள், காப்பி கொடுத்தாள். வேலை இன்னும் அமையவில்லை. போகிற இடத்திலெல்லாம் ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்களாம். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏப்ரல், அந்த வரி, அழித்தது, பொய், டீம் லீட் ஆசை, எல்லாம்.

அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தாராபுரம் போன அன்னிக்கு சாயங்காலமே ரூட்டர் பேக்கப்ப எடுத்துப் பாத்துட்டேனுங்க. ஏப்ரல் பதினேழுலருந்து அந்த வரி இருக்குது. அன்னிக்கு டூட்டி நீங்க."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்தது பார்.

"நான் சொன்னா, போட்டிக்குச் சொல்றாள்னு ஆயிருமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். பத்தொம்பது நாள் இருந்தேன்."

குரலை உயர்த்தவில்லை. காப்பி டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து நின்றாள். நானும் எழுந்தேன்.

வாரேன் ஜெபராணி என்றேன். போயிட்டு வாங்க என்று அவள் சொல்லவில்லை. சரிங்க என்றாள்.