லிஸ்டில் பெயர்

ஆகஸ்ட் 12, செவ்வாய், இரவு

நேற்று எங்கள் தாமுவே பேட்டை டீக்கடையில் வழக்கமான சண்டை. எங்கள் வார்டு ஃபுட்பால் அணிக்கு லெஃப்ட் விங்கில் யார்? "மேனேஜர் இந்தத் தடவையும் மூர்த்தியத்தான் போடுவாரு" என்றார் கடைக்கார கோ மின். "கோல் ஊன்றுற வயசுல அவரு எங்க கோல் போடுறது?" என்றேன். கடையே சிரித்தது. எல்லாரும் செல்வத்தைத்தான் போடவேண்டும் என்றார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருடமாக அந்த இடத்துக்குக் காத்திருக்கிறான்.

அப்போது அவனே வந்தான். சீண்டலாம் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னேன்: "டேய் செல்வம், லிஸ்ட்ல உன் பேரு வந்துருச்சுடா."

"எப்ப?" என்றான்.

"நாளைக்கே."

நான் சொன்னது ஆட்டக்காரர் லிஸ்ட். அதுவும் புளுகு. அவன் காதில் விழுந்தது வார்டு ஆபீஸ் லிஸ்ட், பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் பிடிப்பது. டீயைக்கூடக் குடிக்காமல் போனான். வெட்கம் என்று நினைத்தேன்.

இன்று காலை அவன் அம்மா வந்தார். "தம்பி, செல்வம் எல்லைப் பக்கம் பஸ் ஏறிட்டானாம். போன் எடுக்க மாட்டேங்கிறான். உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல அத்தை" என்றேன். அவன் சொல்லவில்லை என்பது உண்மைதான்.

மாலையில் மேனேஜர் நிஜ லிஸ்டை ஒட்டினார். லெஃப்ட் விங்: செல்வம். "நீ சொன்னபடியே வந்துருச்சே!" என்று கோ மின் என் முதுகில் தட்டினார். இன்னும் அந்த இடம் எரிகிறது.

'லிஸ்ட்ல உன் பேரு நிஜமாவே இருக்குடா' என்று அவனுக்குச் செய்தி எழுதினேன். படித்துப் பார்த்து அழித்துவிட்டேன். இதைப் பார்த்தால் இன்னும் வேகமாக ஓடுவான்.