காரீயத்தின் இரண்டு கோடுகள்

பிப்ரவரி 10, 2025, திங்கள்

ஜூனில் பரீட்சை. தொலைநிலைக் கல்வியில் இயற்பியல், இரண்டாம் ஆண்டு. முப்பத்து நாலு வயதில் இது தேவையா என்று என் கணவர் கோபி ஒருநாளும் கேட்டதில்லை. நானேதான் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று குவாண்டம் எண்கள். முதன்மை எண், கோண உந்த எண், காந்த எண், சுழற்சி எண் என்று நான்கு. அணுவுக்குள் ஓர் எலக்ட்ரான் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இந்த நான்கும் சேர்ந்து சொல்லிவிடுமாம். ஒரே அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருக்க முடியாதாம். மனப்பாடம் செய்துவிட்டேன். புரியவில்லை.

ஒன்பது வருஷமாக நான் பிழைப்பதே எலக்ட்ரானை வைத்துத்தான் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. வார்ப்பட ஆலையில் ஸ்பெக்ட்ரோ லேப் வேலை. உலையிலிருந்து வரும் அலுமினிய வில்லையில் பொறி அடித்தால் உலோகம் கொஞ்சம் ஆவியாகி ஒளிரும். மெஷின் அந்த ஒளியைத் தனித்தனி நிறக் கோடுகளாகப் பிரித்துப் பார்த்து, சிலிக்கான் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரையில் போடும். நான் கையெழுத்துப் போடுவேன். அதற்கு எப்படித் தெரிகிறது என்று இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

மகள் ஹரிணிக்கு மறுபடியும் வயிற்றுவலி. ஆறு வயதுப் பிள்ளை, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. "சொன்னது எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது" என்று டீச்சர் சொல்கிறார். டாக்டர் பூச்சி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார், மூன்றாவது தடவையாக.

பிப்ரவரி 12



காலையில் குண்டானின் காது உடைந்து கையோடு வந்துவிட்டது. என் அண்ணன் முத்துமணி தன் ஜூஜுவாடிப் பட்டறையில் வார்த்த அலுமினியக் குண்டான். கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ரசம், புளிக்குழம்பு எல்லாமே அதில்தான். படித்த பாடத்தைக் கண்ணால் பார்க்கலாமே என்று உடைந்த காதை லேபுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் அதன் ஒரு பக்கத்தைத் தேய்த்துச் சமமாக்கி, பொறி அடித்தேன். வேறு எந்த நினைப்பும் இல்லை.

காரீயம் 0.41 சதவீதம்.

சமையல் பாத்திரத்துக்கு 0.05-ஐத் தாண்டக் கூடாது. இது எட்டு மடங்கு.

தவறாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 13

மூன்று முறை அடித்தேன். 0.41. 0.40. 0.42.

பிப்ரவரி 14

ஃபக்ருதீன் பாயிடம் மட்டும் சொன்னேன். லேபில் எனக்கு ஜோடி அவர்தான். நிதானமாக யோசித்துவிட்டு, "சில நேரம் வேற தனிமத்தோட கோடு பக்கத்துல வந்து மேல ஏறிக்கும், ருக்மணிம்மா. மெஷின் அதையும் காரீயம்னு எண்ணிரும். ஒரு கோட்ட மட்டும் நம்பாதீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மெஷின் தவறு என்று நிரூபிக்கத்தான் இன்று முழுக்கப் படித்தேன். வாழ்க்கையில் இப்படிப் படித்ததே இல்லை.

புரிந்தவரை எழுதுகிறேன். காரீய அணுவில் எண்பத்திரண்டு எலக்ட்ரான்கள். ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாது என்பதால் உள்ளிருந்து ஒவ்வொன்றாக நிலைகள் நிரம்பி வருகின்றன. கடைசி இரண்டுக்கும் கிடைப்பது 6p. முதன்மை எண் ஆறு, கோண உந்த எண் ஒன்று. பொறி அடித்ததும் அதில் ஒன்று 7s-க்குத் தூக்கி எறியப்படுகிறது. அங்கே நிற்க முடியாமல் திரும்ப விழுகிறது. விழும்போது விடுகிற ஆற்றல்தான் ஒளி. நடுவில் எங்கேயும் தங்க முடியாது, அப்படி ஒரு நிலையே கிடையாது. எவ்வளவு ஆற்றல் என்பதைக் கருவில் இருக்கும் எண்பத்திரண்டு புரோட்டான்களின் இழுப்பும் மற்ற எலக்ட்ரான்களும் தீர்மானிக்கின்றன. அலுமினியத்தில் பதின்மூன்றுதான். அதனால் அதன் ஒளி வேறு, இதன் ஒளி வேறு.

காந்த எண்ணும் சுழற்சி எண்ணும் எதற்கு என்று இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தது. இன்று தெரிந்தது. 6p-யில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களும் அந்த எண்களைப் பங்கிட்டுக்கொள்ள ஒரு வழி மட்டும் இல்லை. பங்கீடு மாறினால் ஆற்றலும் மாறுகிறது. ஆகவே மேலே ஒரே இடத்திலிருந்து விழுந்தாலும் கீழே வந்து சேரும் இடம் வேறாகலாம். ஓர் இடத்துக்கு விழுந்தால் 405.8 நானோமீட்டர், ஊதா. நான் பார்த்தது அதைத்தான். இன்னோர் இடத்துக்கு விழுந்தால் 283.3, கண்ணுக்கே தெரியாத ஒளி.

அப்படியென்றால் இரண்டாவது கோட்டையும் பார்க்க வேண்டும். வேறு ஏதோ ஒரு தனிமம் முதல் கோட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தால், இரண்டாவதும் அதே அளவைக் காட்டாது.

காட்டக் கூடாது. காட்டவே கூடாது.

பிப்ரவரி 17

காட்டியது. 0.41.

ஃபக்ருதீன் பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினார்.

குவாண்டம் எண்கள் புரிந்த நாள் இது. புரியாமலே இருந்திருக்கலாம்.

குண்டானை எடுத்துச் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன். "அம்மா, ரசம் எதுல வெப்ப?" என்று ஹரிணி கேட்டாள்.

பிப்ரவரி 22, சனி

பெங்களூரிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹரிணியின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு இருபத்தேழு மைக்ரோகிராம் காரீயம். ஐந்துக்கு மேல் போனாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டுமாம்.

அங்குள்ள டாக்டர் போனில் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் பேசினார். வயிற்றுவலி, வெளிறிய முகம், மறதி, எல்லாவற்றுக்கும் இது காரணமாக இருக்கலாம் என்றார். சிறு பிள்ளை, பாத்திரத்தை நிறுத்திச் சத்தான சாப்பாடு கொடுத்தால் இறங்கும் என்றார். மூளையில் பாதிப்பு ஏதாவது தங்கிவிட்டதா என்று கேட்டதற்கு, வளர வளரத்தான் தெரியும் என்றார்.

ஆறு வருஷம். நான்தானே ஊற்றினேன்? என் கையாலதானே? தட்டத் தூக்கிட்டு ஓடுறவளப் புடிச்சுப் புடிச்சு ஊட்டுனேனே—

பிப்ரவரி 23, ஞாயிறு

அண்ணன் பட்டறைக்குப் போனேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை. வாசலில் பழைய கார் சக்கரங்கள் மலையாகக் கிடந்தன. அலுமினியச் சக்கரங்கள், உருக்கத்தான். அருகில் போய்க் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத் துண்டுகள் கவ்விக்கொண்டிருந்தன. சக்கரம் ஆடாமல் ஓட எடைக்காக மாட்டுவது. நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது. காரீயம்.

"இத எடுத்துட்டுத்தான உருக்குற?" என்று கேட்டேன்.

"அது கெடக்குது போ. அத ஒவ்வொண்ணாப் புடுங்கிக்கிட்டு இருந்தா ஆவுமா? எல்லாம் உருகிக் கலந்துரும்" என்றான்.

சொன்னேன். ஹரிணியின் எண்ணையும் சொன்னேன். அவன் முகம் கறுத்துப் போயிற்று.

"ஊரே இத ஈயக் குண்டான்னுதான் சொல்லுது. ஈயக் குண்டான்ல ஈயம் இருக்குதுன்னு சொல்ல உனக்கு ஒரு மெஷினு!"

"அது சும்மா பேருண்ணே. அலுமினியத்தத்தான் அப்படிச் சொல்றாங்க. இது காரீயம். வெசம்."

"மெஷினு பொய் சொல்லாதா?"

"ரெண்டு கோட்டுலயும் பாத்துட்டேன்ணே. வேற எதுவும் இந்த ரெண்டையும் சேத்துக் காட்ட முடியாது."

"பன்னெண்டு வருசமா வேப்பனப்பள்ளி, அஞ்செட்டின்னு எத்தன சந்தையில வித்திருக்கேன் தெரியுமா ருக்கு? ஒருத்தன் செத்தானா? எம் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் படிச்சியா?"

மாதேஸ்வரி அண்ணி கொட்டகைத் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கூடப் பிறந்தவனிடம் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

மார்ச் 5

அண்ணனிடமிருந்து போன் இல்லை. பட்டறையில் உலை எரிகிறது என்று கோபி பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணி வந்தாள். தனியாக. அண்ணனுக்குத் தெரியாமல் பெங்களூர் போய் ரத்தம் கொடுத்திருக்கிறாள். கையில் தாள். அவளுக்கு முப்பத்தொன்று.

சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ருக்மணி, ரெண்டு கலைஞ்சுதே. அது இதுனாலயா?"

போன வருஷம் ஒன்று, அதற்கு முந்தைய வருஷம் ஒன்று. அண்ணியின் ராசி என்று பேசினார்கள். என் அம்மாவும் பேசினாள். நானும்... வாயைத் திறந்து மறுக்கவில்லை.

இருக்கலாம் அண்ணி, உறுதியாச் சொல்ல முடியாது என்றேன். அதுதான் உண்மை. அவள் அழவில்லை. தாளை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "அவருகிட்ட நாஞ் சொல்லிக்கிறேன்" என்று எழுந்தாள்.

மார்ச் 12

உலை அணைந்துவிட்டது.

மார்ச் 20

அண்ணன் ரத்தம் கொடுத்தான். ஐம்பத்தெட்டு.

தினமும் அந்தப் புகையில் நின்றவன் அவன். கை நடுங்குவதைக் குடி என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் குடிப்பதே இல்லையாம். அண்ணி இன்றுதான் சொன்னாள்.

ஏப்ரல் 6

அண்ணன் வீட்டுக்கு வந்தான். ஒரு மணி நேரம் ஹரிணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். போகும்போது, "அந்த ரெண்டு கோடுன்னியே, அது என்னன்னு சொல்லு" என்றான்.

சொன்னேன். எலக்ட்ரான் மேலே போவது, கீழே விழுவது, நடுவில் நிற்க இடம் இல்லாதது. முழுக்கக் கேட்டான். புரிந்ததா என்று தெரியவில்லை. "அப்போ அது தன்ன மறைச்சுக்கவே முடியாது" என்றான்.

ஜூன் 15

பரீட்சை முடிந்தது. குவாண்டம் எண்களில் பத்து மதிப்பெண் கேள்வி. காரீயத்தையே உதாரணமாக எழுதினேன்.

ஜூலை 18

ஹரிணி பதினாலு. அண்ணி பதினேழு. அண்ணன் முப்பத்தாறு. இறங்குகிறது. நேற்று ஹரிணி வாய்ப்பாட்டை ஏழு வரைக்கும் தடுக்காமல் சொன்னாள்.

ஜூலை 24

வேப்பனப்பள்ளிச் சந்தைக்கு அண்ணனோடு போனேன். இது அவனுக்கு நாலாவது சந்தை. குண்டான் விற்ற அதே இடத்தில் எவர்சில்வர் பாத்திரங்களைப் பரப்பிவைத்து உட்கார்ந்தான். பழையதைக் கொடுத்தால் புதியது.

மாங்காய்க் கூடையோடு ஓர் அம்மாள் வந்தாள். "நல்லாத்தான இருக்குது குண்டான்? நீயே வித்துட்டு ஏன் திருப்பிக் கேக்குற?" என்றாள்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நான்தாங்க கெட்டதக் கலந்துட்டேன். தெரியாமத்தான் கலந்தேன். ஆனா நான்தான் கலந்தேன்." சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். "வீட்டுல கொழந்தைங்க இருந்தா ரத்தம் பாருங்க. எங்க பாக்கறதுன்னு எந் தங்கச்சி சொல்லும்." என் போன் நம்பரை அட்டையில் எழுதித் துணிமேல் நிறுத்திவைத்திருந்தான். என்னைக் கேட்கக்கூட இல்லை.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள். பிறகு பேரனைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னாள்.

ஜூலை 25

காலையிலிருந்து பதினோரு பேர் போனில் பேசிவிட்டார்கள். எல்லோரிடமும் முதலில், பிள்ளைக்கு என்ன வயது என்றுதான் கேட்டேன்.