வெள்ளிக்கிழமை நடக்காத கைக்கடிகாரம்

அன்புள்ள உம்மாவுக்கு,

முதியோர் எங்கெல்லாம் நடக்கிறார்கள் என்று பார்க்கும் எங்கள் ஆய்வில் வாப்பாவை நான்தான் சேர்த்துவிட்டேன். போகிற இடத்தைக் காட்டும்படி அவருக்குக் கொடுத்த கைக்கடிகாரம் தினமும் தேக்கா சந்தைக்குப் போகிறது, மீன்கடையில் நிற்கிறது. மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது.

கருவிக் கோளாறு என்று நினைத்துப் போன் செய்தேன்.

"பள்ளிவாசலுக்குப் போயிட்டுத்தான் வந்தேன்லா, ஒன் மெஷினப் பாரு!" என்று வாப்பா சிரித்தார். பார்த்தேன். மெஷின் சரியாக இருக்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் ஜும்ஆவுக்குப் போவதில்லை; கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நடப்பது நீங்கள்தானே உம்மா? அப்படியென்றால் வாப்பா வாசல் தாண்டி எத்தனை நாள் ஆகிறது? முழங்காலா, நெஞ்சா? ஆய்விலிருந்து நீக்கிவிடுவேன் என்று பயந்தீர்களா?

வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை கடிகாரத்தை வாப்பா கையில் கட்டிவிடுங்கள். கட்டிலிலிருந்து குளியலறைவரை அவர் நடக்கிற நாலு அடியையாவது நான் பார்க்க வேண்டும்.

உங்கள் மகன்