தனியாகத்தான் படிப்போம் என்று சங்கம் சொன்னது

கும்மிடிப்பூண்டி

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு நைனா எழுதுவது.

நேற்று வரை அம்மாவும் நானும் சுகம், இன்றைக்கும் கர்த்தர் அதை மாற்றவில்லை. ஃபின்லாந்துப் பனியில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை, போனில் எனக்கு ஒரு வார்த்தை இடம் கொடுப்பதில்லை, அதனால்தான் ஊறுகாய் பார்சலோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன்.

பாடத்தைத் தனியாகச் செய்யப் பிடிக்குமா, கூட்டாகச் செய்யப் பிடிக்குமா என்று நம் பக்கத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டு அனுப்பு, அது வராவிட்டால் என் ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள் என்று அழுதாயே, அந்த வேலையை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செய்தேன். கம்பெனிகளில் சரக்கு அடுக்கிவைக்கிற பழைய மரப் பேலட் வாங்கி விற்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தது தப்பு. லைன் வீட்டுப் பிள்ளைகளை யார்டுக்கு வரச்சொல்லி, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, முதலில் நின்ற வசந்தகுமாரைக் கேட்டேன். "இருங்க அங்கிள், பசங்களாண்ட கேட்டுக்கினு வந்து சொல்றேன்" என்றான். உன் விருப்பத்தைத்தானடா கேட்டேன் என்றால், "அதான் அங்கிள், என் விருப்பம் இன்னான்னு கேட்டுக்கினு வரேன்" என்கிறான். அத்தனை பேரும் பேலட் அடுக்குக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். கம்பெனி கேட்டில் அப்பன்மார் சங்கமாக நின்று பேசுவதைப் பார்த்து வளர்ந்ததுகள், திரும்பி வரும்போதே செயலாளரோடு வந்தார்கள். செயலாளர் காயத்ரி, ஆறாம் வகுப்பு, என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, "நாங்கெல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம் அங்கிள், தனியாத்தான் படிப்போம், இதுல எங்களுக்குள்ள பிரிவே இல்ல" என்றாள். ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றேன். அது ஒற்றுமையை உடைக்கிற வேலையாம். நான் குரலை உயர்த்தியதும் பிஸ்கட்டைத் திருப்பி வைத்துவிட்டு, வழியில் உட்கார்ந்து, "தனிமை வாழ்க" என்று ஒரே குரலில் கோஷம். லாரி உள்ளே வர முடியவில்லை, டிரைவர் சுப்பிரமணி என்ன கோரிக்கை என்றுகூடக் கேட்காமல் இறங்கி அவர்களோடு உட்கார்ந்துவிட்டான். ஆளுக்கு இன்னொரு பாக்கெட் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் எழுந்தார்கள், சுப்பிரமணியும் வாங்கிக்கொண்டான்.

எல்லாரும் போன பிறகு பிரின்சி மட்டும் ஒரு பேலட்மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "எனக்குக் கூட்டமாப் படிக்கத்தான் அங்கிள் புடிக்கும், அதைச் சொன்னேன், சங்கத்துலேருந்து தூக்கிட்டாங்க" என்றாள்.

பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி என்று நானே போட்டு அனுப்பியிருக்கலாம், அங்கே எவனுக்கும் தெரியாது, ஆனால் பூச்சி அரித்த மரத்துக்குப் பெயின்ட் அடித்து விற்கிற பழக்கம் எனக்கு இல்லை, நீயும் ஆரம்பிக்காதே. நடந்ததை நடந்தபடியே உன் புரொபசருக்கு எழுது. ஒரு பிள்ளை தன் வாயால் சொன்ன பதில் பிரின்சியுடையது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஒப்பந்தம். அதை வைத்து உன் படிப்பைத் தொடர விடமாட்டேன் என்று அவர் சொன்னால் கூச்சப்படாமல் சொல், காயத்ரியை அவரோடு பேசவைக்கிறேன், இரண்டு பாக்கெட்டில் முடித்துக் கொடுப்பாள்.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். காலுறை இல்லாமல் வெளியே போகாதே. போன் செய்வதானால் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் செய், அதுவரை பிரின்சி இங்கே வீட்டுப்பாடம் எழுதுகிறாள், அவளுக்குக் கூட்டமாக நானும் அம்மாவும் சுப்பிரமணியும் உட்கார்ந்திருக்கிறோம், எழுந்தால் கோபித்துக்கொள்கிறாள்.

உன் நைனா,
எபினேசர்